அடுக்களையும் அழகும்: பழமைக் கோலம் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

அழகியல் பற்றி எழுதியோர் கோயிலையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் இயற்கைக் காட்சியையும் எடுத்துப் பேசிய அளவுக்கு அடுக்களையை எடுத்துப் பேசியதில்லை. அடுக்களை பயனுக்குரிய இடம். பயனுக்குரியது அழகாராய்ச்சிக்கு உரியதன்று என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. அங்கே நின்றோர் பெரும்பாலும் பெண்களும் ஏவலாளருமே என்பதும், எழுதியோர் பெரும்பாலும் அங்கே நில்லாதோர் என்பதும் இதற்கு மற்றொரு காரணமாகலாம். ஆயின், கடந்த அரை நூற்றாண்டாக மேலைநாடுகளில், சிறப்பாக இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும், அடுக்களை தானே ஓர் அழகுப் பொருளாகியுள்ளது. அதுவும் புதுமையால் அன்று, பழமையால்.

வசதி படைத்த குடும்பமொன்று தன் சமையலறையைப் புதுக்க முனைகின்றது எனக் கொள்ளலாம். மின்னடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் பாத்திரங்கழுவும் பொறியும் அங்கே ஏற்கெனவே உள்ளன. அவற்றை மரக்கதவுகளுக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கண்ணிற்படும் இடங்களிலெல்லாம் பாட்டியார் காலத்துப் பொருள்கள் வைக்கப்படுகின்றன. ஆழமான வெண்பீங்கான் கழுவுதொட்டி, ஓரத்தில் நீலக்கோடு இட்ட எனாமல் குவளைகள், கூரையிலிருந்து தொங்கும் செம்புச் சட்டிகள், எண்ணெய் விளக்கின் வடிவில் அமைந்த மின்விளக்கு, மாவு என்றும் சீனி என்றும் பெயர் எழுதப்பெற்ற தகரப் பேணிகள் முதலியன அவை. புதிதாகச் செய்த அலுமாரிக்கு வர்ணம் பூசி, மெழுகு தேய்த்து, விளிம்புகளை மணல் ஒட்டிய தாளால் உரசி, அடியிலுள்ள மரம் ஆங்காங்கே தெரியும்படி செய்கின்றனர். நாற்பது ஆண்டுகள் பாவித்த பொருளின் தேய்வு ஒரு பிற்பகலிலே கைகூடிவிடுகின்றது. இக்கோலத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'விண்டேஜ்' என்பதாகும். திராட்சை அறுவடையையும், அவ்வறுவடையில் வடித்த மதுவின் ஆண்டையும் குறித்து நின்ற அச்சொல், காலப்போக்கில் நாட்பட நாட்பட மதிப்பேறும் எதனையும் குறிக்கலாயிற்று. மது தானே முதிர்கின்றது. அலுமாரியை முதிர்விக்கத்தான் ஆள் வேண்டியிருக்கின்றது.

இதில் ஒழுக்கவியலுக்கு என்ன வேலை என்று வினவலாம். தன் பணத்திலே தன் வீட்டைத் தன் விருப்பப்படி அலங்கரிப்பவர் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. இது சரியே. எனினும், தீங்கு செய்யாமை மாத்திரம் ஒழுக்கவியலின் முழுப் பரப்பன்று. எதை நினைக்கின்றோம், எதை மறக்கின்றோம், எதைக் கண்டு மகிழ்கின்றோம் என்பனவும் மனிதரின் பண்பை ஆக்குவனவே. பழமைக் கோலங்கொண்ட அடுக்களை மீது இரண்டு குற்றச்சாட்டுகள் கூறப்படலாம். ஒன்று, அது பொய் சொல்கின்றது என்பது. மற்றது, அது மறந்துவிடுகின்றது என்பது. முதலாவதைப் பலர் பேசியுள்ளனர். அது அத்துணைப் பாரதூரமானதன்று. இரண்டாவதே கருத்தூன்றி நோக்குதற்குரியது.

பொய் பற்றிய குற்றச்சாட்டுக்கு மூலவராகக் கொள்ளத்தக்கவர் ஜோன் றஸ்கின். 1849 இல் வெளிவந்த 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' என்னும் நூலிலே வாய்மையை ஒரு விளக்காகக் கொண்டு, ஒரு பொருளை வேறொரு பொருளாகத் தோன்றும்படி வர்ணந்தீட்டுதலையும், கைவேலை போலத் தோன்றும் எந்திர வேலையையும் அவர் ஏமாற்று எனக் கண்டித்தார். அதே நூலில் நினைவை மற்றொரு விளக்காகக் கொண்டு, கட்டடத்தின் பெருமை அதன் முதுமையிலே தங்கியுள்ளது என்றும் வாதித்தார். அவர் வழிவந்த வில்லியம் மொறிஸ், பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கின்றோம் என்று சுரண்டி அழிப்போரை எதிர்த்து 1877 இல் ஒரு சங்கத்தையே நிறுவினார். முதுமையைச் சுரண்டி அகற்றுவோரோடு போராடிய இவ்விருவரும், முதுமையைச் சுரண்டி உண்டாக்குவோரைக் கண்டிருப்பின் என்ன கூறியிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆயினும் இக்குற்றச்சாட்டுக்கான விடையும் றஸ்கினிடமே இருக்கின்றது. கட்டடத்திலே பொன்முலாம் பூசுதல் ஏமாற்றன்று. ஏனெனில் அதனை எவரும் திண்பொன் எனக் கருதுவதில்லை. அணிகலனிலோ கருதுவர், ஆகவே அங்கு அது ஏமாற்று என்பது அவர் கருத்து. உரசித் தேய்த்த அலுமாரியைக் கண்டு அது கொள்ளுப்பாட்டி வைத்திருந்தது என எந்த விருந்தினரும் நம்புவதில்லை. விற்றவரும் வாங்கியவரும் பார்ப்பவரும் அறிந்த பொய், நாடகத்திலே அரசன் வேடம் பூண்பவன் சொல்லும் பொய்யை ஒத்தது. போதாக்குறைக்கு, இங்கே போலி மெய்யினும் நலமுடையதாயும் இருக்கின்றது. பழைய வர்ணங்களிற் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு அது தடைசெய்யப்பட்டது 1978 இலேயே. மெய்யான பழைய அலுமாரியின் உதிரும் வர்ணத்தைத் தவழும் குழந்தை வாயிலிடுவதைக் காட்டிலும், போலி அலுமாரி ஒன்று வீட்டிலிருப்பது மேல். ஆகவே பொய் என்ற வழக்கை இவ்வளவில் நிறுத்திவிடலாம்.

மறதி பற்றிய வழக்குக்கு வருமுன், இக்கோலத்தின் முன்னோடி ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். வெர்சாய் அரண்மனைப் பூங்காவின் ஒரு கோடியில், பிரெஞ்சு இராணி மாரி அந்துவானெற் 1783 இல் ஒரு கிராமத்தைக் கட்டுவிக்கத் தொடங்கினாள். கட்டடக் கலைஞர் றிஷார் மீக். குளமொன்றின் கரையிலே வைக்கோற் கூரையுடைய குடிசைகள், ஆலைச்சக்கரம், பாற்பண்ணை, கோழிக்கூடு என்பன எழுந்தன. சுவர்களின் பூச்சிலே வெடிப்புகளும் சிதைவுகளும் வர்ணத்தால் தீட்டப்பட்டன. புதுச்சுவர் முதுமை எய்த வேண்டும் என்பதே நோக்கம். வெளியே உழவன் குடிசையாகத் தோன்றிய இராணியின் இல்லத்துள்ளே அரண்மனைக்குரிய தளபாடங்கள் இருந்தன. பால் சுவைக்கும் மண்டபத்தில் மேசைகள் சலவைக்கல்லால் ஆனவை. இராணி தானே பசுக்களைக் கறந்தாள் என்பது பிற்காலக் கதையாகலாம். ஆனால் பண்ணை மெய்யாகவே இயங்கிற்று, அதனை இயக்கியோர் கூலிக்கு அமர்த்தப்பட்ட குடியானவர்களே. 1789 ஒக்டோபரில் பாண் கேட்டுப் பாரிசிலிருந்து வெர்சாய்க்கு நடந்துவந்த பெண்களிற் பலர், இராணியின் கிராமம் எதனைப் போலியாகக் காட்டியதோ அதனை வீட்டிலே மெய்யாகக் கொண்டிருந்தவர்கள்.

இவ்வுதாரணத்தைக் காட்டி நயப்பையெல்லாம் கயமை எனத் தள்ளிவிடுவது எளிது. எளிதான முடிவு என்பதனாலேயே அதில் ஐயம் எழ வேண்டும். இராணியின் குடிசை அழகாக இருந்ததா, இல்லையா? இவ்வினாவை அவள் செல்வத்திலிருந்தும் குடிகளின் வறுமையிலிருந்தும் பிரித்துக் கேட்கலாமா? கேட்கலாம் என்றவர் இம்மானுவேல் கான்ற். 1790 இல், அதாவது அப்பெண்கள் நடந்துவந்த மறு ஆண்டில் வெளியான தம் 'தீர்ப்பாற்றல் பற்றிய விசாரணை'யின் தொடக்கத்திலேயே அவர் ஓர் அரண்மனையை எடுத்துக் கொள்கின்றார். அது அழகியதா என்று கேட்டால் ஒருவர் பலவாறு விடையிறுக்கலாம். வாய்பிளந்து பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை தமக்குப் பிடிப்பதில்லை எனலாம். பாரிசிலே தமக்கு உணவுக் கடைகளைவிட வேறெதுவும் பிடிக்கவில்லை என்ற இறொக்குவா இனத் தலைவரைப் போலப் பேசலாம். குடிகளின் வியர்வையை வீண் ஆடம்பரத்திலே செலவிடும் பெரியோரை றூசோவின் பாங்கிலே வசைபாடலாம். இவை அனைத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கேட்கப்பட்டது இதுவன்று என்கின்றார் கான்ற். பொருளின் இருப்பிலே எவ்விதப் பற்றும் இன்றி, அதன் தோற்றம் மாத்திரம் மகிழ்வு தருகின்றதா என்பதே வினா. (மாளிகைகளைவிட உணவுக் கடைகளே மேல் என்ற அத்தலைவரின் சுவை நகைப்புக்கிடமாக எடுத்தாளப்பட்டுள்ளதாயினும், அடுக்களை பற்றிய ஆராய்ச்சியில் அவரையே முதற் சாட்சியாக அழைக்கத் தோன்றுகின்றது.)

கான்றின் வேறுபாடு அரண்மனைக்குப் பொருந்தலாம். பழமைக் கோலங்கொண்ட அடுக்களைக்கு அது பொருந்துமா என்பதிலேதான் சிக்கல். அரண்மனையின் தூண்களும் அளவுகளும் அதனைக் கட்டியோர் யாரென அறியாதவரையும் ஈர்க்கவல்லன. ஆனால் ஓரம் சிதைந்த எனாமல் குவளை ஒன்றின் கவர்ச்சி எங்கே உள்ளது? அதே வடிவும் அதே நிறமும் கொண்ட பிளாஸ்ரிக் குவளை அருகிலே வைக்கப்படின் அதனை எவரும் விரும்புவதில்லை. குவளையின் சிதைவை, அது எவர் கையிலிருந்தோ விழுந்தது என்ற எண்ணமே இனிதாக்குகின்றது. எவரோ இதிற் குடித்தார், எவரோ இதனைக் கழுவினார், ஒரு வாழ்வு இதனைச் சுற்றி நடந்தது என்ற எண்ணமே இன்பத்தின் உட்பொருள். போலியாகத் தேய்த்த அலுமாரியும் இதே எண்ணத்தையே கடன் வாங்குகின்றது. ஆகவே இங்கு நுகரப்படுவது வெறுந்தோற்றமன்று. கடந்தகாலப் பாவனை பற்றிய ஒரு நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்து நுகரப்படுகின்றது. அங்ஙனமாயின், அந்தப் பாவனை எத்தகையதாயிருந்தது என்று கேட்பவரை நோக்கி, கேட்கப்பட்டது இதுவன்று எனக் கூறி வாயடைக்க இயலாது. கடந்தகாலத்தை முதலில் அழைத்தவர் அலங்கரித்தவரே.

பாவனை எத்தகையது? இன்று மேலைநாட்டு அலங்காரத்தின் நடுநாயகமாக விளங்குவது வார்ப்பிரும்பாலான பழைய நிலக்கரி அடுப்பு. 1899 இல் பொஸ்ரன் நகரில் இல்லப் பராமரிப்புப் பள்ளி ஒன்று அவ்வடுப்பை ஆறு நாள்கள் எரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைக் குறித்து வைத்தது. அவ்வாறு நாள்களில் அடுப்பு 292 இறாத்தல் புது நிலக்கரியையும் 14 இறாத்தல் சுள்ளி விறகையும் உண்டது. சாம்பல் சலிக்க 20 நிமிடம், தீ மூட்ட 24 நிமிடம், தீயைக் கவனிக்க ஒரு மணித்தியாலமும் 48 நிமிடமும், சாம்பலை அகற்ற அரை மணித்தியாலம், கரி சுமக்க 15 நிமிடம். எல்லாவற்றையும்விடக் கூடுதலாக, துருப்பிடியாமல் இருப்பதற்கு அதன் மேனியைக் கரிமம் தடவித் தேய்க்க இரண்டு மணித்தியாலமும் 9 நிமிடமும் ஆயின. இத்தனையும் ஒரு பிடி உணவு சமைக்கப்படுவதற்கு முன்னரான வேலை. இன்றைய வீட்டிலே நெருப்பின்றி நிற்கும் அவ்வடுப்பின் கருமையான மினுக்கம் பலரால் வியக்கப்படுகின்றது. அம்மினுக்கமே ஒருத்தியின் இரண்டு மணித்தியாலம்.

அந்த ஒருத்தி யார் என்பதற்கும் சான்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையாட்களாயிருந்தனர். பெண்களின் தொழில்களுள் அதுவே மிகப் பெரியது. அவர்களுட் பெரும்பாலோர் எழுதிவைக்கவில்லை, எழுத நேரமில்லை. விதிவிலக்காக ஹன்னா கல்விக் என்னும் பணிப்பெண் ஆண்டுக்கணக்காக நாட்குறிப்பு எழுதினாள். 1984 இல் நூலாக வந்த அந்நாட்குறிப்பில், அடுப்புத் துடைத்ததும் சப்பாத்துகளுக்கு மை பூசியதும் முழங்காலில் நின்று தரை தேய்த்ததும் நாள்தோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. வாசிப்பவருக்கு அலுப்புத் தட்டும். ஆனால் அவ்வலுப்பு அவள் வாழ்ந்ததின் மிகச் சிறு பங்கேயாகும்.

இவ்விடத்திலே வாதம் முடிந்துவிட்டது போலத் தோன்றலாம். உழைப்பின் வலி நீக்கப்பட்டு அதன் கருவி மாத்திரம் அலங்காரமாகின்றது, இது அநீதி, ஆகவே செம்புச் சட்டியைக் கழற்றி வைக்க வேண்டும். முற்போக்கான மாணவர் ஒருவர் இம்முடிவுக்கு விரைந்து வருவார். ஆனால் ஹன்னா கல்விக்கின் நாட்குறிப்பே இம்முடிவுக்குத் தடையாக நிற்கின்றது. அவள் தன் வலிமையிலும், தான் துடைத்து மினுக்கியவற்றிலும் பெருமிதங் கொண்டிருந்தாள். தன்னை வெறும் துன்பத்தின் உருவாக அவள் கண்டாளல்லள். வேல்ஸ் நாட்டின் எளிய குடிசைகளிலும், இருந்த ஒரேயொரு நல்ல பீங்கான் வரிசை பேழையிலே பூட்டப்படாமல், திறந்த தட்டு அலுமாரியில் எல்லோரும் காண அடுக்கி வைக்கப்பட்டது. அவற்றிற் பல உணவுக்கு எடுக்கப்பட்டதேயில்லை. ஆகவே அடுக்களையின் அழகு பின்வந்தோர் கண்டுபிடித்ததன்று. அங்கே நின்றவளே அதனை முதலிற் கண்டவள். பழைய அடுக்களையில் துன்பத்தை மாத்திரம் காண்பவர், அவளுக்குக் கண் இருந்தது என்பதை மறந்துவிடுகின்றார். நயப்பவரின் மறதியோடு ஒப்பிடுகையில் இது சிறிய மறதியன்று.

துன்பத்தை மாத்திரம் கண்டு, அதனை ஒழிக்க முற்பட்டவர்களின் வரலாறும் சிந்தனைக்குரியது. சுவீடன் நாட்டுப் பௌதிகவியலாளர் குஸ்தாவ் டாலேன், 1912 இல் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில் நிகழ்ந்த வெடிவிபத்தொன்றிலே பார்வையிழந்தார். வீட்டில் இருக்க நேர்ந்த காலத்தில், அடுப்போடு மனைவி படும் பாட்டை உணர்ந்து, எப்போதும் ஒரே சூட்டில் நின்று கவனிப்பாரற்றும் சமைக்கும் அடுப்பொன்றை 1922 இல் உருவாக்கினார். அதுவே ஆகா அடுப்பு. காணாதவர் கேட்டறிந்த வருத்தத்திலே பிறந்த இக்கருவி, இன்று இங்கிலாந்தின் நாட்டுப்புற வீட்டுக் கவர்ச்சிக்குச் சின்னமாகிவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளின் பின், 1926 இல், பிராங்பேர்ட் நகரின் புதிய வீடமைப்புத் திட்டத்துக்கென மார்கரெற்ற ஷுற்ற-லிஹொற்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வரைந்தார். 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட அவ்வறை, புகையிரத உணவுப்பெட்டியின் சமையற்கூடத்தை முன்மாதிரியாகக் கொண்டது. அமெரிக்கரான கிறிஸ்ரின் பிரெடெரிக், தொழிற்சாலை நேரக் கணிப்பை வீட்டு வேலைக்குப் பொருத்தி எழுதியவை அதற்கு வழிகாட்டின. மாவுக்கும் அரிசிக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், மடித்து வைக்கும் அழுத்துபலகை, ஈ அண்டாது என்று அக்காலத்தில் நம்பப்பட்ட நீலப்பச்சை வர்ணம் என்று ஒவ்வொன்றும் எண்ணிச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. தொழிலாளப் பெண்ணின் அடிகளை மிச்சப்படுத்துவதே நோக்கம். நினைவுக்கும் நயப்புக்கும் அதில் இடமே வைக்கப்படவில்லை.

விளைவு இருவகைப்பட்டது. அவ்வறையில் ஒருவர்தான் நிற்கலாம். முன்னர் அடுப்பைச் சுற்றிக் குடும்பமே கூடியிருந்தது. இப்பொழுது அவள் தனியே அடைபட்டாள் என்ற குறை எழுந்தது. 1970களிற் பெண்ணியவாதிகளும் இதனை எடுத்துக்காட்டினர். கருவிகள் பெருகியும் தாயின் வேலை நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. கணவனும் பிள்ளைகளும் செய்த வேலைகளே முதலில் ஒழிந்தன என்பதை றூத் ஷுவாற்ஸ் கவன் என்னும் வரலாற்றாசிரியர் 1983 இல் விரிவாக நிறுவினார். மற்ற விளைவு இன்னும் வியப்பானது. நயப்பை விலக்கிய அவ்வடுக்களை தானே நயப்புக்குரியதாயிற்று. வீடுகளிலிருந்து கழற்றப்பட்ட பிராங்பேர்ட் அடுக்களைகள் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் நூதனசாலைகளுக்குட் புகுந்தன. 1959 ஜூலை 24 இல் மொஸ்கோவின் கண்காட்சியிலே நிக்சனும் குருஷேவும் எதன் முன்னின்று வாதிட்டார்களோ, அந்த அமெரிக்க அடுக்களையின் கதியும் இதுவே. எதிர்காலமே இதுதான் என்று அன்று காட்டப்பட்டது இன்று பழம்பொருட் கடைகளில் தேடப்படுகின்றது. அத்தகைய அடுக்களைகளிலிருந்த பெண்களின் பெயரற்ற மனவருத்தத்தைப் பற்றி பெற்றி பிரீடன் 1963 இல் எழுதினார். ஐம்பதுகளின் வெளிர்நிறக் குளிர்சாதனப் பெட்டியைத் தேடி வாங்கும் இன்றைய இளந்தம்பதியர், அந்நூலையும் வாங்கி அதே வீட்டிலே வைத்திருத்தல் கூடும். இவ்விரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஒருவேளை அதில் முரண்பாடு இல்லையோ? விடுபட்டவர்களே விட்டதைத் தொட்டுப் பார்க்க முடியும். அச்சத்தோடு பார்த்த ஒன்றை அன்போடு பார்க்க முடிவது, விடுதலையின் ஓர் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆனால் விடுபட்டவர் எவர், தொட்டுப் பார்ப்பவர் எவர் என்ற வினா எஞ்சியிருக்கின்றது. தாயின் அம்மியை மகள் வைத்திருப்பதும், வேலைக்காரியின் தொட்டியை எசமானின் பேரன் வைத்திருப்பதும் ஒன்றல்ல. வேல்சிலுள்ள எர்டிக் என்னும் மாளிகை இவ்வகையிற் கவனத்துக்குரியது. யோர்க் குடும்பத்துக்குரியதாயிருந்த அம்மாளிகை 1973 இல் தேசிய நம்பிக்கை நிதியத்திடம் ஒப்படைக்கப்பட்டு 1977 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்வையாளர் முன்வாயிலால் அன்றி, வேலையாட்கள் புழங்கிய முற்றத்தின் வழியாக உள்ளே விடப்பட்டனர். வேலையாட்களின் உருவப்படங்களை வரைவித்துத் தொங்கவிடும் வழக்கம் அக்குடும்பத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டு முதலே இருந்தது. மாரி அந்துவானெற் கொலைத்தண்டனைக்கு உள்ளான அதே 1793 இல், ஜேன் எப்ரெல் என்னும் முதிய பணிப்பெண், கையில் துடைப்பத்தோடு அங்கே தீட்டப்பட்டாள். மற்ற மாளிகைகளிற் காணப்படாத மரியாதை இது. எனினும் படத்தோடு சேர்த்து அவளைப் பற்றிச் செய்யுள் இயற்றியவர் எசமானே. அவள் தன்னைப் பற்றி என்ன கூறியிருப்பாள் என்பதை அச்சுவர் கூறாது.

இங்ஙனம் நோக்குமிடத்து, அலங்காரத்தின் நன்மை தீமையை அதன் பொய்மையிலோ செலவிலோ தேடுவதைவிட, அதன் தெரிவிலே தேடுவது பயனுடையது. பழமைக் கோலங்கொண்ட எந்த அடுக்களையும் பழமையை முழுவதாகக் கொண்டுவருவதில்லை. செம்புச் சட்டி வருகின்றது. சாம்பல் வாளி வருவதில்லை. தட்டு அலுமாரி வருகின்றது. அடுக்களைக்குப் பக்கத்திலே வேலைக்காரி படுத்த பாய் வருவதில்லை. எது வருகின்றது, எது வருவதில்லை என்ற பட்டியலைச் சற்று நிதானித்து வாசித்தால், அலங்கரித்தவர் தம்மை அவ்வடுக்களையில் எந்த இடத்தில் வைத்துக் கற்பனை செய்கின்றார் என்பது புலப்பட்டுவிடும்.

இப்பட்டியல் இலங்கைத் தமிழருக்கும் அந்நியமானதன்று. அடுக்களையைக் குறிக்க இங்கு வழங்கும் குசினி என்ற சொல்லும், அங்கே நிற்கும் அலுமாரியின் பெயரும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. இந்த நயப்பும் வெளியிலிருந்து வந்து இங்கு வேரூன்றி வருகின்றது. 2009 இல் போர் முடிந்த பின்னர் எழுந்த உல்லாச விடுதிகள் சிலவற்றின் முற்றத்தில் உரலும் அம்மியும் பூச்சட்டிகளுக்கு அருகே வீற்றிருக்கின்றன. கொழும்பின் தொடர்மாடி வீடுகளிலும், கடல்கடந்து இலண்டனிலும் ரொறொன்ரோவிலும், கண்ணாடி அலுமாரிக்குள்ளே பித்தளை மூக்குப்பேணி துலக்கி வைக்கப்பட்டுள்ளது. இதனை இராணியின் குடிசையோடு ஒப்பிட்டு நகைப்பது கொடுமையாகும். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஓரிரவிலே வெளியேறியபோது, குசினிகளைப் பூட்டிவிட்டுப் போனவர்களிற் பலர் திரும்பி வந்து கண்டது கதவற்ற சுவர்களையே. அங்ஙனம் போனவற்றிலிருந்து தப்பிய ஒரு பேணி, அதை வைத்திருப்பவருக்கு அலங்காரமன்று. கான்ற் கூறிய பற்றின்மை அதனருகே வரவும் மாட்டாது.

ஆயினும் பட்டியல் பட்டியலே. அம்மியில் அரைத்த கை எப்போதும் வீட்டுக்காரியின் கையாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நடுத்தர வர்க்கத்து வீடுகள் பலவற்றின் குசினிகளிலே, மலையகத் தோட்டங்களிலிருந்து வேலைக்கென அழைத்துவரப்பட்ட சிறுவர் சிறுமியர் நின்றனர். இன்று அம்மியைக் காட்டி அந்தக்காலத்துச் சம்பலின் சுவையைப் பேசுவோர், அரைத்த பிள்ளையின் பெயரை நினைவில் வைத்திருப்பது அரிது. மூக்குப்பேணியின் மூக்கும் வெறும் வடிவழகுக்காக அமைந்ததன்று. உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு அது வசதி. உதடு பற்றிய அவ்வெண்ணத்துக்குப் பின்னால் துடக்கும் தீட்டும் பற்றிய ஓர் ஒழுங்கு முழுவதும் நின்றது. அவ்வொழுங்கின் மறுபாதியை அறிய விரும்புவோர் கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்களை நாடலாம். தேநீர்க்கடையிலும் வீட்டு முற்றத்திலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென வேறு பாத்திரங்கள் இருந்தன: தகரப் பேணி, போத்தல், சிரட்டை. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளின் கதவுகளைத் திறக்கக் கோரி நடந்த போராட்டங்களில் மக்கள் அடிபட்டனர், உயிரும் இழந்தனர். அவர்கள் கேட்டது மற்றவர் குடிக்கும் அதே குவளை.

பித்தளை நிலைத்துவிட்டது. கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் பேணியின் பக்கத்திலே ஒரு சிரட்டையை வைப்பதற்கு எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. எண்ணியிருப்பினும் அக்காலத்துச் சிரட்டை கிடைப்பது அரிது. குடித்தவர் அதனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். வெடித்துப்போனால் அது அடுப்புக்குப் போய்விடும்.